பணம் சேரும் முன்பே பிறப்பைக் குறைத்த நாடு: வங்கதேசம்

ஒரு நாடு செல்வச் செழிப்பை எட்டிய பிறகுதான் அங்கே பிள்ளைப்பேறு குறையும், அதற்கு முன்பே குறைய வேண்டுமென்றால் அரசு கட்டாயப்படுத்தித்தான் ஆக வேண்டும், இந்த இரண்டைத் தவிர வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கதேசத்தில் பிறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, பிறகு ஏன் அங்கே ஜனநெரிசல் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. மக்கள்தொகையியல் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில், இந்த இரண்டுக்கும் வங்கதேசத்தையே சான்றாக வைத்துப் பதில் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

முதலில் ஓர் ஒப்பீடு. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், சுமார் 4.2 கோடிப் பேரும் மேற்குப் பாகிஸ்தானில் சுமார் 3.4 கோடிப் பேரும் இருந்தார்கள். கிழக்குதான் பெரியது, 1970 தேர்தலில் கிழக்குக்கு அதிக இடங்கள் கிடைத்ததற்கும் அந்த எண்ணிக்கையே அடிப்படை. இன்று நிலைமை தலைகீழ். வங்கதேசத்தின் 2022 கணக்கெடுப்பு, விடுபட்டவர்களையும் சேர்த்துத் திருத்தியபின், ஏறக்குறைய 17 கோடி என்கிறது. பாகிஸ்தானின் 2023 கணக்கெடுப்பு 24 கோடியைத் தாண்டுகிறது. ஒரே அரசின் கீழ் இருந்த, பெரும்பான்மை மதமும் ஒன்றான இரு நிலப்பகுதிகள் அரை நூற்றாண்டுக்குள் இவ்வளவு தூரம் விலகிப் போயின. வங்கதேசம் பிரிந்தபோது பாகிஸ்தானைவிட ஏழையாகவே இருந்தது என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழை என்பதும் குறைத்துச் சொல்வதுதான். 1970 நவம்பரில் கடலோரத்தைத் தாக்கிய போலா புயலில் சில லட்சம் பேர் இறந்தார்கள், அடுத்த ஆண்டு விடுதலைப் போர், 1974இல் பஞ்சம். அந்தச் சூழலில் 1975இல் எடுக்கப்பட்ட தேசியக் கருவள ஆய்வு, அங்குள்ள பெண் ஒருவர் தம் வாழ்நாளில் சராசரியாக 6.3 பிள்ளைகளைப் பெறுவதாகக் கணக்கிட்டது. இதைத்தான் மொத்தக் கருவள விகிதம் என்கிறோம். கருத்தடை முறை எதையேனும் பயன்படுத்திய தம்பதியர் நூற்றுக்கு 8 பேர். இந்த நாட்டில் இன்னும் சில பத்தாண்டுகளுக்கு எதுவும் மாறாது என்று அன்று பல வல்லுநர்கள் கருதினார்கள். ஆனால் 1993–94 ஆய்வில் அதே விகிதம் 3.4 ஆகவும், 2011இல் 2.3 ஆகவும் இறங்கியது. இந்த இறக்கத்தின் பெரும்பகுதி, நாட்டின் வருமானம் சொல்லிக்கொள்ளும்படி உயர்வதற்கு முன்பே நடந்துவிட்டது.

எப்படி நடந்தது என்பதற்கு மத்லப் என்ற ஊரிலிருந்து தொடங்குவதே முறை. டாக்காவுக்குத் தென்கிழக்கே, சாந்துபூர் மாவட்டத்தில், மேக்னா நதியின் கிளைகள் பின்னிக் கிடக்கும் தாழ்நிலம் அது. 1960களில் காலரா தடுப்பூசியைச் சோதிப்பதற்காக அங்கே ஓர் ஆய்வு நிலையம் அமைந்தது. 1966 முதல் அப்பகுதியின் ஒவ்வொரு பிறப்பும், இறப்பும், திருமணமும், இடப்பெயர்ச்சியும் வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. ஒரு வளரும் நாட்டின் கிராமங்களில் இவ்வளவு நீண்ட காலமாக விடாமல் எழுதப்பட்டு வரும் பதிவேடு உலகில் அரிது. அதனால்தான் அங்கே ஒரு திட்டம் பலித்ததா இல்லையா என்பதை ஊகத்தால் அல்ல, கணக்கால் சொல்ல முடிகிறது.

அங்கே 1975இல் நடந்த முதல் முயற்சி தோற்றது. அந்தத் தோல்வியைத்தான் நான் மாணவர்களுக்கு முதலில் சொல்வேன். கருத்தடை மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், தேவைப்படுவோர் உட்கொள்வார்கள் என்பது அன்றைய கணிப்பு. அதைக் கொடுக்க நியமிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வயதான கைம்பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தொடக்கத்தில் மாத்திரை வாங்கியவர்கள் நிறையப் பேர். சில மாதங்களில் எண்ணிக்கை சரிந்துவிட்டது. தலைசுற்றலும் குமட்டலும் வந்த பெண்ணுக்கு அது எதனால் வருகிறது, எத்தனை நாளில் நிற்கும், நிற்காவிட்டால் வேறு என்ன முறை இருக்கிறது என்று சொல்ல எவரும் இல்லை. மாத்திரையைத் தாமே ஒருநாளும் உட்கொண்டிராத மூதாட்டியின் சொல்லை இருபது வயதுப் பெண் எப்படி நம்புவாள்?

1977 அக்டோபரில் முறையை அடியோடு மாற்றினார்கள். எழுபது கிராமங்களில் 80 இளம்பெண்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் அந்தந்த ஊரைச் சேர்ந்தவர்கள், மணமானவர்கள், ஓரளவு பள்ளிப் படிப்பு உள்ளவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாங்களே கருத்தடை முறையைக் கடைப்பிடிப்பவர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போவார்கள். மாத்திரை, ஊசி, ஆணுறை, காப்பர்-டி, அறுவை சிகிச்சை என எல்லா முறைகளையும் விளக்கி, எது வேண்டும் என்று கேட்பார்கள். ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். பக்கவிளைவு கடுமையாக இருந்தால் மருத்துவ உதவியாளரிடம் அழைத்துப் போவார்கள். பக்கத்திலேயே 79 கிராமங்களை, அரசின் வழக்கமான சேவை மட்டும் கிடைக்கும்படி, ஒப்பீட்டுக்காக விட்டுவைத்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் திட்டக் கிராமங்களில் கருத்தடை பயன்பாடு நூற்றுக்கு 7இலிருந்து 33 ஆக உயர்ந்தது. ஒப்பீட்டுக் கிராமங்களில் அப்படி உயரவில்லை. மண்ணும் மழையும் வறுமையும் மதமும் இரு பக்கமும் ஒன்றே. வேறுபட்டது வாசலுக்கு வந்த அந்தப் பெண் மட்டுமே.

வாசலுக்கு வருவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அன்றைய கிராம வாழ்க்கையை அறிந்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும். கோஷா வழக்கத்தில் இருந்த வீடுகளில் மணமான இளம்பெண் சந்தைக்குப் போவதில்லை. சாமான் வாங்குவது கணவன். ஐந்து மைல் தூரத்து மருத்துவமனைக்குப் போக அவளுக்குத் துணை வேண்டும், மாமியாரின் சம்மதம் வேண்டும், மழைக்காலமானால் படகு வேண்டும். ஊருக்கு ஒரு மருத்துவமனை கட்டியிருந்தாலும் அவளுக்கு அது தொலைவிலேயே இருந்திருக்கும். மேலும் பிள்ளை போதும் என்று நினைத்த பெண்கள் அந்தக் கிராமங்களில் முன்பே இருந்தார்கள். அவர்களைப் புதிதாக நம்பவைக்க வேண்டிய வேலை அங்கே குறைவு. மனத்தில் இருந்ததை வெளியே சொல்ல ஒருத்தி கிடைத்ததும், சொன்னதைச் செய்ய வழி கிடைத்ததுமே மாற்றம். ஏழைக்குப் பிள்ளைதான் சொத்து, அதனால் ஏழைக்குக் கருத்தடையில் நாட்டமிருக்காது என்று இன்றும் பேசப்படும் வாதம் மத்லப்பில் நிற்கவில்லை.

அரசு இந்த வழியை நாடு முழுவதும் விரித்தது. குடும்ப நலப் பணியாளர்களாக இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், தோளில் ஒரு பையோடு, மூங்கில் பாலங்களைக் கடந்து வீடு வீடாகப் போனார்கள். தொடக்கத்தில் அவர்களை ஊருக்குள் விடாதவர்களும், நடத்தை கெட்டவர்கள் என்று ஏசியவர்களும் உண்டு. அவர்கள் கொடுத்த அரசு மாத்திரையின் பெயர் ‘சுகி’. கடைகளில் மானிய விலைக்குக் கிடைத்த ‘ராஜா’ ஆணுறையும் ‘மாயா’ மாத்திரையும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்களாயின. இன்றும் அந்நாட்டில் மிக அதிகமாகப் பயன்படும் முறை மாத்திரைதான்.

கட்டாயம் அறவே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். 1980களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. பெண்களுக்குச் சேலையும் ஆண்களுக்கு லுங்கியும் கொடுத்தது. அறுவடைக்கு முந்தைய பற்றாக்குறை மாதங்களில் கையில் காசில்லாதவர்களுக்கு அந்தத் தொகை ஒரு நெருக்குதலாகவே இருந்தது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அதை நான் நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனாலும் திட்டத்தின் முதுகெலும்பாக அது அமையவில்லை. இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது 1976–77இல் ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுக்கு, வற்புறுத்தியும் மிரட்டியும் செய்யப்பட்டவை. 1977 மார்ச்சில் அந்த ஆட்சி தேர்தலில் தோற்றது. குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லையே மாற்றிக் குடும்ப நலம் என்று வைக்க நேர்ந்தது. வட மாநிலங்களில் ஆண்கள் அறுவை சிகிச்சைக்கு அஞ்சும் நிலை பல காலம் நீடித்தது. அதே 1977இன் அக்டோபரில்தான் மத்லப்பில் எண்பது பெண்கள் வீடு வீடாகப் புறப்பட்டார்கள். கட்டாயம் தேவையா என்ற உங்கள் கேள்விக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

கருத்தடை மட்டும் போதாது. பிறந்த பிள்ளை பிழைக்குமா என்ற அச்சம் இருக்கும்வரை எந்தத் தாயும் இரண்டோடு நிறுத்தத் துணியமாட்டாள். 1970களின் தொடக்கத்தில் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 200க்கும் மேற்பட்டவை ஐந்து வயதுக்குள் இறந்தன. வயிற்றுப்போக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தே உயிரைக் காக்கலாம் என்பது 1960களின் இறுதியில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த ஆய்வுகளில் உறுதியாகியிருந்தது. ஆனால் அதற்கான தூள் பொட்டலம் கிராமத்துக்குப் போய்ச் சேராது. பிராக் என்ற தொண்டு நிறுவனம் அடுப்படியில் உள்ளதைக் கொண்டே கரைசல் செய்யக் கற்றுக்கொடுக்க முடிவு செய்தது: மூன்று விரல் நுனியால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) நீர். 1980க்கும் 1990க்கும் இடையே அந்நிறுவனத்தின் பணிப்பெண்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குப் போய், தாயின் கையாலேயே கரைசலைச் செய்யவைத்துக் கற்றுக்கொடுத்தார்கள்.

இதில் என்னை எப்போதும் வியக்கவைப்பது அவர்கள் சம்பளம் கொடுத்த முறை. சில வாரங்கள் கழித்து மேற்பார்வையாளர் ஒருவர் அதே ஊருக்குப் போய், சில தாய்மார்களிடம் கரைசலைச் செய்யச் சொல்வார். சொல்லிக்கொடுத்த குறிப்புகளைத் திருப்பிச் சொல்லக் கேட்பார். கரைசலின் மாதிரியைக் கொண்டுபோய் உப்பின் அளவைச் சோதிப்பார்கள். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பத்தான் பணிப்பெண்ணுக்கு ஊதியம். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று எவரும் கேட்கவில்லை. அப்படியும் ஆரம்பத்தில் தாய்மார்கள் தெரிந்துகொண்டார்களே தவிர, குழந்தைக்கு நோய் வந்தபோது கொடுக்கவில்லை. விசாரித்தபோது பணிப்பெண்கள் சிலருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பதும், வீட்டு ஆண்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்பதும் தெரிந்தது. பிறகு ஆண்களையும் கூட்டிவைத்துப் பேசினார்கள். தடுப்பூசியும் 1980களின் பிற்பாதியில் பரவலானது. 2022 ஆய்வின்படி ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 31 மட்டுமே.

பெண்களின் கல்வியும் வேலையும் பின்னால் வந்து இந்த மாற்றத்தை உறுதிப்படுத்தின. 1994 முதல் கிராமப்புற உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு நாடு தழுவிய உதவித்தொகை கிடைத்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான இளம்பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆனால் பலரும் எழுதுவதுபோல ஆடைத் தொழில்தான் பிறப்பைக் குறைத்தது என்பதை நான் ஏற்கமாட்டேன்; அந்தத் தொழில் பெருகுவதற்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது. அதேபோல் மதம் குறுக்கே நிற்கும் என்ற வாதத்துக்கும் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. பாகிஸ்தானும் வங்கதேசமும் பிரிந்த பாதையையும், 1980களின் நடுவில் 6க்கு மேல் இருந்த ஈரானின் விகிதம் 2000 வாக்கில் 2ஐ ஒட்டி வந்ததையும் பார்த்தாலே போதும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வங்கதேசத்தின் பரப்பு தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரியது. அதில் 17 கோடிப் பேர், சதுர கிலோமீட்டருக்கு 1,100க்கும் மேல். 1974இல் திருத்திய கணக்குப்படி 7.6 கோடியாக இருந்தது இரண்டு மடங்குக்கும் அதிகமாகிவிட்டது. பிள்ளைப்பேறு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிய நாட்டில் இது எப்படி?

ஒரு கற்பனைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 100 பெண்கள், ஆளுக்கு ஆறு பிள்ளைகள், மொத்தம் 600. அதில் பாதி, அதாவது 300, பெண் குழந்தைகள். அவர்களில் 240 பேர் உயிர்பிழைத்துத் தாயாகும் வயதை அடைகிறார்கள் என்று வையுங்கள். இந்த 240 பேரும் தங்கள் தாய்மாரைப்போல ஆறு பெறாமல் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்போதும் பிறப்பவை 720. ஒவ்வொரு குடும்பமும் பாதியாகக் குறைத்தும் ஊரின் தொட்டில்கள் கூடத்தான் செய்கின்றன. இதற்கு மக்கள்தொகை உந்தம் என்று பெயர். 1974இல் வங்கதேச மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள். அவர்கள் வளர்ந்து, மணந்து, பெற்று முடிக்கும்வரை எந்தத் திட்டத்தாலும் மொத்த எண்ணிக்கையை நிறுத்த முடியாது. கூடவே இறப்பும் குறைந்தது. முன்பு மண்ணுக்குள் போன குழந்தைகள் இப்போது பள்ளிக்குப் போகிறார்கள். இந்தக் கூட்டம் நல்ல செய்தியின் விளைவு என்பதை மறந்துவிடக் கூடாது. டாக்காவின் நெரிசலுக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஆற்றரிப்பில் நிலத்தையும் வீட்டையும் பறிகொடுத்தவர்களும் வேலை தேடுவோரும் அந்த ஒரே நகரத்தை நோக்கி வருகிறார்கள். விடுதலையின்போது இருபது லட்சத்துக்கும் குறைவானோர் வாழ்ந்த நகரம் இன்று இரண்டு கோடியைத் தாண்டிவிட்டது.

உந்தத்தை இன்னும் பெரிதாக்கும் ஒன்று அங்கே இருக்கிறது. என் கவலை முழுவதும் அதைப் பற்றியதுதான். வங்கதேசத்துப் பெண்கள் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்களே தவிர, முதல் பிள்ளையின் காலத்தைத் தள்ளிப்போடவில்லை. 20–24 வயதுப் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 18 வயது முடியும் முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள்; தெற்காசியாவில் இதுவே மிக அதிகம். இலங்கையின் பாதை நேர் எதிரானது. அங்கே 1970களிலேயே பெண்களின் சராசரித் திருமண வயது 25ஐ எட்டியிருந்தது. பிறப்பு குறையத் தொடங்கியதே திருமணம் தள்ளிப்போனதால்தான். இரண்டு பிள்ளைகள் என்பது இரு நாட்டுக்கும் ஒன்றாகத் தோன்றலாம். ஆனால் 18 வயதில் தாயாகிறவள், அவள் மகளும் அப்படியே ஆனால், 36 வயதில் பாட்டி. 25 வயதில் தாயாகிறவள் பாட்டியாவதற்கு 50 வயதாகும். முன்னதில் ஒரே காலத்தில் உயிரோடிருக்கும் தலைமுறைகள் அதிகம். ஆகவே அதே இரண்டு பிள்ளைக் குடும்பத்திலும் மக்கள்தொகை பெரிதாகவே இருக்கும். பதினாறு வயதுப் பெண்ணின் உடலுக்கும் படிப்புக்கும் நேரும் கேடு இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

2011இல் 2.3ஐத் தொட்ட விகிதம் 2014 ஆய்விலும், 2017–18இலும், 2022இலும் அதே 2.3இல் நின்றுவிட்டது. காரணம் ஒன்றல்ல. 1990களின் இறுதியில் வீட்டு வருகையைக் குறைத்து, சமூக மருத்துவ நிலையங்களுக்குப் பெண்களை வரவழைக்கும் முறைக்குக் கொள்கை மாறியது. அதற்குப் பிறகு வாசலுக்கு வரும் பணியாளரைப் பார்க்கும் பெண்களின் பங்கு குறைந்துவிட்டது. பகுதிக்குப் பகுதி வேறுபாடும் நிலைத்திருக்கிறது: 2014 ஆய்வில் குல்னாவில் 1.9, சில்ஹெட்டில் 2.9. மறுபக்கம் முதுமையும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டோர் இன்று நூற்றுக்கு 6 பேர்தான் என்றாலும், 1970களிலும் 80களிலும் பிறந்த அந்தப் பெரும் கூட்டம் வரும் பத்தாண்டுகளில் அந்த வயதை எட்டும். அவர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம் கிடையாது. 1998இல் மாதம் 100 டக்காவில் (அந்நாட்டு நாணயம்) தொடங்கிய முதியோர் உதவித்தொகை இன்றும் சில நூறு டக்காதான். இனி அவர்களுக்கு ஆறு பிள்ளைகளும் இல்லை, இருக்கும் இரண்டில் ஒன்று வெளிநாட்டில் இருக்கவும் கூடும்.

அந்நாட்டு அரசு இனி எதைச் செய்ய வேண்டும் என்று கேட்டால், புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லமாட்டேன். 1994இன் மாணவியர் உதவித்தொகைக்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன: நூற்றுக்கு 75 நாள் வருகை, தேர்வில் 45 மதிப்பெண், பள்ளி முடியும்வரை திருமணம் செய்துகொள்ளாமை. முதல் இரண்டையும் நிறைவேற்றுவது மாணவியின் கையில் இருந்தது. மூன்றாவதை நிறைவேற்ற வேண்டியவர் அவளுடைய தகப்பன். அந்தத் தகப்பனிடம் போய்ப் பேச, மத்லப்பில் நடந்ததுபோல இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாசலுக்கு வரும் ஆள் இதுவரை நியமிக்கப்படவில்லை.